இன்னும் அங்கே வேலை செய்கிறாரா

கையெழுத்து நாளுக்கு முன்
ஒருமுறை நான் தொலைபேசியை எடுப்பேன்.
கேள்வி ஒன்றுதான்:
இன்னார் இன்னும் உங்களிடம் வேலை செய்கிறாரா?
பதினொரு வருடமாக இதே கேள்வி, இதே நாற்காலி,
டுலூத்தில் ஏரியைப் பார்க்காத ஒரு ஜன்னல்.
ஆமாம் என்பார்கள், எதையாவது மென்றபடி.
கட்டத்தில் ஒரு டிக் போடுவேன்.
யாரோ ஒரு கூரைக்குள் போவார்கள்.

கப்பல் பட்டறையில் எடுத்தவள் சொன்னாள்:
"தைராவா? செவ்வாய்க்கிழமையே போய்விட்டாளே."

பின்னால் இரும்பை அறுக்கும் சத்தம்.

"போய்விட்டாள் என்றால்?"
"முகமூடியைக் கழற்றி ஃபோர்மன் மேசையில் வைத்தாள்.
கையுறையையும்.
மெதுவாகத்தான் வைத்தாள்."

ஒப்புதல் வந்த அன்று
எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொல்லியிருந்தேன்:
சாவி கைக்கு வரும்வரை
புதுக் கார் வேண்டாம், சோபா வேண்டாம்,
தவணையில் ஒரு டோஸ்டர்கூட வேண்டாம்,
மூச்சையும் பழைய மாதிரியே விடுங்கள்.
சிரித்தாள்.
வேலையைப் பற்றியும் சொன்னதாகத்தான் ஞாபகம்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
குளிர்காலம் வாசலில் நிற்கும்போது
வெல்டிங் வேலையை யார் விடுவார்கள்?

விடு.
வீடு.
நடுவில் ஒரு சுழி.
அந்தச் சுழிக்குள் பத்தொன்பது நாள்.

அழைத்தபோது அந்த வீட்டு வாசலில்தான் இருந்தாள்,
உள்ளே போக உரிமை இல்லாமல்
ஜன்னல்களை வெளியிலிருந்து அளந்துகொண்டு.
"மறைக்கவில்லை ஆர்டிஸ்,
சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன்."
பிறகு,
"இல்லை. மறைத்தேன்."

ஃபோர்மன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்.
அதை எழுத என் படிவத்தில் இடமில்லை.

கால்வாய்ப் பாலத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம்.
கப்பல் வந்தால் பாலத்தை உயர்த்தவேண்டும்,
போனால் இறக்கவேண்டும்.
மணிக்கு இரண்டு டாலர் அதிகம்.
"அதிகம்தானே, அப்புறம் என்ன?"
அதிகம்தான் தைரா.
ஆனால் வங்கி கடன் தரச் சம்மதித்தது
போன மாதத்துத் தைராவுக்கு.
உன்னை அதற்கு இன்னும் தெரியாது.

கமிஷன் கிடையாதே? மணிக்கூலிதானே?
நியமனக் கடிதம் அனுப்பு.
முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதையும் அனுப்பு.

மேலே இருந்த கோப்பு அடிக்குப் போயிற்று.
விற்கிறவர், ஐனோ என்று பெயர்,
தட்டுகளை ஏற்கெனவே பெட்டியில் கட்டிவிட்டவர்,
இரண்டு வாரம் காகிதத் தட்டில் சாப்பிட்டார்.
தட்டுக்கும் ரசீது அனுப்பினார்.
பூட்டி வைத்த வட்டி வெள்ளிக்கிழமை நள்ளிரவில்
பூட்டை உடைத்துக்கொண்டு கொஞ்சம் ஏறியது.

மாதம் நாற்பத்தொரு டாலர் கூடுதல்.
முப்பது வருடத்துக்கு.
எப்படிச் சொல்வதென்று
காரிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
பிறகு:
"அந்த ஆளின் குரல் காதில் விழாமலிருக்க
மாதம் நாற்பத்தொன்றா?"
"ஆமாம்."
"மலிவு."

டிசம்பரில் மறுபடி அந்த ஒரே கேள்வி.
கொடுத்திருந்த எண்ணை அழுத்தினேன்.
பாலத்து அறையில் எடுத்தது அவளேதான்.
"தைரா லிண்ட்குவிஸ்ட் இன்னும் அங்கே..."
"செய்கிறேன். ஆனால் என்னையே கேட்கலாமா?"
"கூடாது. நகராட்சி அலுவலக எண்ணைக் கொடு."
"இருங்கள் ஆர்டிஸ், கப்பல் வருகிறது."

ரிசீவரை மேசையில் வைத்தாள் போலிருக்கிறது.
மணி அடித்தது. ஏதோ பெரிய இரும்பு முனகியது.
கப்பலின் ஊதல் முதலில் தொலைபேசியில் கேட்டது,
ஓரிரு நொடி கழித்து
ஏரியைப் பார்க்காத என் ஜன்னலிலும்.

கட்டம் காலியாக இருந்தது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.